பாதியைத் தாண்டாத முள்

பிப்ரவரி 4

மச்சான்,

ஆமாம்டா, வேணும்னேதான் பண்ணேன். பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டுப் போனா ஊர்ல மத்தவன்லாம் அழுவான், நான் மட்டும் ரேடியேட்டருக்குள்ள வெடி வச்சு அனுப்பினேன். போதுமா? "ஓட்டை வண்டியை எங்க தலையில கட்டிட்டீங்க"ன்னு எழுதியிருக்கியே, யாருடா கட்டினது? ஆணியில தொங்கின சாவியை எடுத்தது நீ. உங்க அக்காவைக் கைத்தாங்கலா கூட்டிட்டுப் போய் முன்சீட்டுல உக்கார வச்சது நீ. நான் ஜன்னலண்ட நின்னு பாத்துக்கிட்டுதான் இருந்தேன். "வண்டியை எடுத்துட்டுப் போகவா அத்தான்"னு ஒரு வார்த்தை கேட்டியா? கேட்டிருந்தா தண்ணி பாத்து ஊத்திக் குடுத்திருப்பேன். கார் திருடறவன்கூட கிளம்பறதுக்கு முன்னாடி பெட்ரோல் பாப்பான். நீ அதுவும் பாக்கல.

ஃபோன் பண்ணக் கூடாதாம், என் குரல் அந்த வீட்டுக்குள்ள கேக்கக் கூடாதாம், என்ன சொல்றதா இருந்தாலும் எழுதித்தான் அனுப்பணுமாம். எழுத்துல இருந்தா அப்புறம் மாத்திப் பேச முடியாதுன்னு உங்க அக்கா சொன்னாளாம். நல்லா இருக்குடா. அஞ்சாங்கிளாஸோட ஓடி வந்தவன் நான். ஆயுசு பூரா வாடகைக் கார் ஓட்டி, கையெழுத்து போட்டது லைசன்ஸுல மட்டும்தான். இந்த வயசுல அக்காவும் தம்பியும் சேந்து எனக்கு வீட்டுப்பாடம் குடுக்கறீங்க.

சரி, வண்டிக்கு வர்றேன். "வண்டி சூடாகுது"ன்னு மொட்டையா எழுதினா எப்படி? உன் மருந்துக்கடைக்கு ஒருத்தன் வந்து "உடம்பு சரியில்ல"ன்னு நின்னா எந்த பாட்டிலை எடுத்து நீட்டுவே? டானிக்கைத்தான் நீட்டுவே, உன் பேரே அதானே. கேக்கறேன், சொல்லு. சிக்னல்ல நிக்கறப்ப சூடாகுதா, ஓடறப்ப சூடாகுதா, ஏத்தம் ஏறறப்பவா? நிக்கறப்பன்னா ஃபேனைப் பாரு, பெல்ட் தொளதொளன்னு ஆயிருக்கும். ஓடறப்பன்னா ரேடியேட்டர் அடைச்சிருக்கும். காலையில எழுந்ததும் வண்டி ஜில்லுனு இருக்கும், அப்ப மூடியைத் திறந்து தண்ணி எங்க நிக்குதுன்னு பாரு. சூடா இருக்கறப்ப மட்டும் அந்த மூடியில கை வச்சிடாதே, மூஞ்சி வெந்துடும். இருக்கற மூஞ்சிக்கே பொண்ணு கிடைக்க நாங்க பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

உங்க அக்கா கை எப்படி இருக்கு? நான் கேட்டேன்னு சொல்லாதே.

இப்படிக்கு,
இன்னும் சாகாத உன் அத்தான்

பிப்ரவரி 11

அத்தான்,

உங்க கடிதத்தை அக்கா கையிலதான் முதல்ல குடுத்தேன். கடைசி வரியைப் படிச்சதும் மடிச்சு மேஜை மேல வச்சுட்டு எழுந்து போயிட்டா. "இன்னும் சாகாத"ன்னு எழுதறீங்களே, கூசலையா?

காலையில காபி கொண்டுவந்து எழுப்பறவளுக்கு முன்னாடி வாயைத் திறந்து, மூச்சை அடக்கி, கண்ணைப் பாதி மூடி கட்டையாட்டம் கிடந்தீங்க. உலுக்கிப் பாத்தா, கூப்பிட்டுப் பாத்தா, அசையல நீங்க. ஆளைக் கூப்பிட ஓடினவ வாசப்படியில விழுந்து மணிக்கட்டை உடைச்சுக்கிட்டா. தரையில கிடந்து திரும்பிப் பாத்தா, நீங்க கட்டில்ல உக்காந்து சிரிச்சுக்கிட்டு இருக்கீங்க. இதை நான் எழுதறதுக்குக் காரணம் இருக்கு. அக்கம்பக்கத்துல எல்லார்கிட்டயும் "கால் தடுக்கி விழுந்துட்டா"ன்னு சொல்லி வச்சிருக்கீங்களாம். எழுத்துல ஒரு இடத்துலயாவது உண்மை இருக்கட்டும்.

கை பரவாயில்ல. இன்னும் கட்டு பிரிக்கல. விரலை மடக்க வலிக்குது.

வண்டியைப் பத்தி. கட்டு பாக்க ஆஸ்பத்திரிக்குப் போறப்ப பாலத்து ஏத்தத்துல புகை வந்துச்சு. ஃபேன் சுத்துது, பெல்ட் இறுக்கமா இருக்கு. மீட்டர்ல முள் பாதியிலதான் நின்னுச்சு. அதனால சூடு இல்ல, எங்கேயோ தண்ணி ஒழுகுதுன்னு நெனச்சு மூடியைத் திறந்தேன். உங்க கடிதம் வர்றதுக்கு முந்தின நாள் நடந்தது இது. முழங்கைக்குக் கீழ வெந்துடுச்சு. சிரிச்சுக்கோங்க.

மெக்கானிக்கிட்ட விட்டேன். மூடி மாத்தினான், வாட்டர் பம்ப் மாத்தினான். மறுபடி அதே ஏத்தம், அதே புகை. முள் அப்பவும் பாதியில. அவன் மீட்டரைக் காட்டி "வண்டி சூடே ஆகலையே சார், நீங்கதான் பயப்படறீங்க"ங்கறான். முப்பது வருஷமா இந்த வண்டியை ஓட்டினவர் நீங்க. உங்களுக்குத் தெரியாததா? தெரிஞ்சதைச் சொல்லுங்க.

மருந்துக்கடை

பிப்ரவரி 15

மச்சான் டானிக்கு,

உன் கடை களிம்பை நீயே வாங்கித் தடவிக்கிட்டியா, இல்ல வேற கடையில வாங்கினியா? வேற கடையில வாங்கியிருப்பே. உன் சரக்கைப் பத்தி உனக்குத் தெரியாதா.

அந்த முள்ளை விடு. அதைப் பாக்காதே. பழைய வண்டிடா, அதுக்கும் வயசாச்சு, ஒரே இடத்துல உக்காந்து பழகிடுச்சு. உன் மெக்கானிக்கும் அதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான் பாரு, அவன்கிட்ட ஏன் காசைக் குடுக்கறே? வண்டியோட சூட்டை மீட்டர்ல பாக்கறவன் சவாரிக்காரன். ஓட்டறவன் கையால பாப்பான், மூக்கால பாப்பான்.

இப்ப சொல்றதை வரிசையா செய். காலையில வண்டியை ஸ்டார்ட் பண்ணி நிக்க வை. கொஞ்ச நேரம் போகட்டும். இன்ஜின் பக்கத்துல கை வச்சா அனல் அடிக்கணும். அப்ப ரேடியேட்டர் மேல கை வை. இன்ஜின் கொதிக்குது, ரேடியேட்டர் மட்டும் ஜில்லுனு இருக்குன்னா, சூட்டுத் தண்ணி அங்க வந்து சேரவே இல்லன்னு அர்த்தம். வழியில ஒரு சின்ன வால்வு இருக்கு, தெர்மோஸ்டாட்டும்பாங்க. சூடு ஏறினா அது வாயைத் திறந்து தண்ணியை விடணும். திறக்கலேன்னா இன்ஜின் உள்ளயே கொதிச்சு செத்துடும். நம்ம வீட்டுக்காரம்மா மாதிரி.

அதைக் கழட்டி ஒரு பாத்திரத்துல தண்ணி வச்சு, அடுப்புல ஏத்தி, உள்ள போட்டுப் பாரு. தண்ணி கொதிக்கறதுக்கு முன்னாடியே வாய் திறக்கணும். திறக்கலேன்னா தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கு. அது இல்லாமலே ஓட்டலாம்னு உன் மெக்கானிக் சொல்லுவான், கேக்காதே. இன்னொண்ணு. தண்ணி போற ரப்பர் ஹோஸைத் திரும்ப மாட்டறப்ப, அதை இறுக்கற கிளிப்பைப் புதுசா போடு. பழசு துருப்பிடிச்சு இருக்கும், திருகினா இறுகின மாதிரி நடிக்கும். காசு பாக்காதே, கிளிப் புதுசா போடு.

ஆளுங்க கேட்டா "கால் தடுக்கி விழுந்தா"ன்னு சொன்னேன்தான். பின்ன என்ன சொல்றது? "செத்த மாதிரி நடிச்சேன், நம்பிட்டா"ன்னா? பக்கத்து வீட்டு வாத்தியார் தினம் வந்து "எப்ப வர்றாங்க"ன்னு கேக்கறாரு. அவருக்கு என் மேல அக்கறை இல்ல, உங்க அக்கா காபி மேல அக்கறை.

அவ என்ன சொல்றா என்னைப் பத்தி? திட்டறாளா? திட்டினா எழுது. திட்டாம இருந்தாதான் எனக்குப் பயம்.

அத்தான்
(கையெழுத்து சும்மாதான் போட்டிருக்கேன், பாத்துக்கோ)

பிப்ரவரி 21

அத்தான்,

நீங்க சொன்னது சரிதான். இன்ஜின் கொதிச்சப்ப ரேடியேட்டர் ஜில்லுனு கிடந்துச்சு. மெக்கானிக் வால்வைக் கழட்டிக் குடுத்தான், வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அடுப்புல பால் காச்சற பாத்திரத்தை வச்சேன்னு அக்கா சண்டைக்கு வந்தா. அப்புறம் அவளே பக்கத்துல நின்னுக்கிட்டா. கடையில கிடந்த, கொதிதண்ணி அளக்கற பெரிய தெர்மாமீட்டரை எடுத்துட்டு வந்து தண்ணிக்குள்ள விட்டேன். தண்ணி கொதகொதன்னு கொதிக்குது, வால்வு வாயே திறக்கல. அக்கா குனிஞ்சு பாத்துட்டு, "உங்க அத்தான்கிட்ட ஒரு நேரான பதில் கேட்டுப் பாரேன், அவரும் இப்படித்தான் இருப்பாரு"ன்னா. சொல்லிட்டுச் சிரிச்சா. இங்க வந்ததுல இருந்து அவ சிரிச்சு நான் பாத்தது அன்னைக்குத்தான்.

புதுசு போட்டாச்சு. பாலத்து ஏத்தத்துல ரெண்டு தடவை போய் வந்தேன், புகை இல்ல.

அக்காவுக்குக் கட்டு பிரிச்சாச்சு. நேத்து சாப்பிடறப்ப அவளாவே பேச்சை எடுத்தா. "எத்தனை நாளைக்கு உன் வீட்டுல இருப்பேன், என் வீடுன்னு ஒண்ணு இருக்கு. அந்த ஆளுக்கு மாத்திரை எடுத்துக் குடுக்கக்கூட ஆள் இல்ல"ன்னா. நான் வேணாம்னுதான் சொன்னேன், அதையும் மறைக்காம எழுதறேன். அவ கேக்கல.

ஆனா ஒரு பேச்சு வச்சிருக்கா. அவ சொன்னதை அப்படியே எழுதறேன். "அவரு விளையாட்டுக்குன்னு பண்ணதுல எனக்குத் தெரிஞ்சது பாதிதான் இருக்கும். தெரியாதது இருந்தா இப்பவே எழுதட்டும், கோவிச்சுக்க மாட்டேன், கூடவே கிளம்பி வர்றேன். இல்லேன்னா 'உன்கிட்ட ஒளிச்சு வச்சது ஒண்ணும் இல்ல'ன்னு ஒரு வரி எழுதிக் குடுக்கட்டும். ரெண்டுல எது எழுதினாலும் வருவேன். பொய்யா எழுதினா மட்டும் வரமாட்டேன்."

பதில் வந்ததும் அடுத்த ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வர்றேன்.

மருந்துக்கடை

பிப்ரவரி 25

மச்சான்,

உங்க அக்கா வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்டா. கல்யாணத்தப்போகூட என்கிட்ட இப்படி எழுதி வாங்கல.

நாலு தாளைக் கிழிச்சுட்டேன். எழுத்து நல்லா வரல, அதான். வேற ஒண்ணும் இல்ல. பழைய கதையை ஒண்ணொண்ணா எழுத ஆரம்பிச்சா, அவ குடையை ஒளிச்சு வச்சது, அவ எடையைக் கூட்டிக் காட்டற மாதிரி மெஷினைத் திருகி வச்சது, அதெல்லாம் அவளுக்கே தெரியும். அப்பவே சிரிச்சுட்டோம். சரி, நான் சிரிச்சேன். மத்தபடி என்ன இருக்கு எழுத.

எழுதறேன். இதைக் காட்டு:

உன்கிட்ட ஒளிச்சு வச்சது ஒண்ணும் இல்ல.

போதுமா? வீட்டைப் பெருக்கிட்டேன். துடைச்சும்விட்டேன். அவ தையல் மெஷின் மேல துணி போத்தி வச்சிருந்தேன், தூசி இல்ல. வாத்தியார் பாத்துட்டு "மாப்பிள்ளை ஆயிட்டீங்க"ங்கறாரு.

இன்னொரு விஷயம், இதைக் காதுல போட்டுக்கோ. இங்க வர்ற வழியில பெரிய ஏத்தம் இருக்குல்ல, அது தொடங்கறதுக்கு முன்னாடி வண்டியை ஓரமா நிறுத்து. பானெட்டைத் திறந்து தண்ணி பாரு, ஹோஸைத் தொட்டுப் பாரு. நடுவுல இன்னொரு தரம் நிறுத்து. முள் நல்லா இருந்தாலும் நிறுத்து. ஏன் எதுக்குன்னு கேக்காதே. கிளிப் புதுசா போட்டியான்னு நீ எழுதவே இல்லையே?

அத்தான்

மார்ச் 6

அத்தான்னு எழுதவே கை வரல. எழுதறேன்.

அக்கா ஞாயித்துக்கிழமை காலையில தலை வாரி, நல்ல புடவை கட்டிக்கிட்டு, உங்களுக்கு மூணு மாசத்துக்கு மாத்திரை கட்டி எடுத்துக்கிட்டு முன்சீட்டுல உக்காந்தா. உங்க கடைசிக் கடிதத்தை மடியில வச்சிருந்தா.

ஏத்தம் தொடங்கற இடத்துல நான் வண்டியை ஓரம் கட்டப் போனேன். நீங்க நிறுத்தச் சொல்லியிருந்தீங்களேன்னு. அக்காதான் தடுத்தா. "முள் பாதியிலதான்டா இருக்கு, ஓட்டு. வெயில்ல ரெண்டு பேரும் பானெட்டுக்குள்ள தலையை விட்டுக்கிட்டு நிக்கணும், அதை நெனச்சு அவரு அங்க உக்காந்து சிரிக்கணும், அதுக்குத்தான் எழுதியிருக்காரு"ன்னா. எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. நீங்க உண்மையா எழுதின ஒரே விஷயம் அதுதான். அதை எங்களால நம்ப முடியல.

பாதி ஏத்தத்துல இனிப்பா ஒரு வாடை வந்துச்சு, அது ரேடியேட்டர் கூலன்ட் ஒழுகற வாடைன்னு அப்புறம்தான் தெரிஞ்சது. "என்னக்கா வாடை"ன்னேன். அவ மீட்டரைப் பாத்துட்டு "ஒண்ணும் இல்ல, பாதியில இருக்கு"ன்னா. அப்புறம் புகை. அப்புறம் கடகடன்னு ஒரு சத்தம், வண்டி நின்னுடுச்சு. திரும்ப ஸ்டார்ட் ஆகல. சாவியைத் திருப்பினா இன்ஜின் அசையவே இல்ல.

லாரிக்காரன் ஒருத்தன் கட்டி இழுத்துக்கிட்டு மேல இருக்கற பட்டறையில விட்டான். அங்க இருந்தவர் பானெட்டைத் திறந்ததுமே சொல்லிட்டாரு. ஹோஸ் கழண்டு, தண்ணி எல்லாம் கொட்டி, வறட்டு சூட்டுல இன்ஜின் பிடிச்சுக்கிச்சு. கிளிப் பழசுதான். நான் மாத்தல. அது என் தப்பு, எழுதிட்டேன், வச்சுக்கோங்க. "இவ்வளவு சூடு ஏறியிருக்கு, மீட்டரைப் பாக்கலையா அம்மா"ன்னு அக்காகிட்ட கேட்டாரு.

"கண்ணை எடுக்காம பாத்துக்கிட்டுதான் வந்தேன்"னா அக்கா.

அவர் நம்பல. மீட்டரைக் கழட்டிப் பின்னாடி பாத்தாரு. ஒயரை நடுவுல வெட்டி, அரிசி மாதிரி ஒரு சின்ன ரெசிஸ்டர் சேத்து, மேல டேப் சுத்தியிருந்துச்சு. "இது இருக்கற வரைக்கும் இன்ஜின் பத்தி எரிஞ்சாலும் முள் பாதியைத் தாண்டாது. தெரிஞ்சவன்தான் வச்சிருக்கான். டேப் காஞ்சு போயிருக்கு, ரொம்பப் பழைய வேலை"ன்னாரு.

அக்கா அதை உள்ளங்கையில வாங்கிப் பாத்தா. அழல. அப்புறம் என்கிட்ட சொன்னது இது.

"வண்டி வாங்கின புதுசுல முள் ஏறினா நான் பயந்து நிறுத்தச் சொல்லுவேன். ஒரு நாள் மலை ரோட்ல போறப்ப, 'பாரு, முள் ஏறவே இல்ல, நீதான் சும்மா பயந்து சாகறே'ன்னாரு. பின்னாடி உக்காந்திருந்த சொந்தக்காரங்க எல்லாரும் சிரிச்சாங்க. அன்னையில இருந்து எனக்குப் பயம் வந்தா, அது என் பைத்தியக்காரத்தனம்னு நானே நெனச்சுக்குவேன். வண்டிக்கு மட்டும் இல்லடா. எல்லாத்துக்கும்."

அங்கயே உங்க கடிதத்தை எடுத்து, அந்த ஒரு வரி இருக்கற பக்கமா மடிச்சு, ரெசிஸ்டரை உள்ள வச்சு பையில போட்டுக்கிட்டா. பஸ்ல திரும்பிட்டோம்.

வண்டி பட்டறையிலயே கிடக்கு. பழைய இரும்புக்குத்தான் போகுமாம். வர்ற சனிக்கிழமை நான் மட்டும் வர்றேன். அவ தையல் மெஷினும் துணியும் எடுத்துட்டுப் போகணும். நான் உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசப் போறதில்ல. நீங்களும் பேசாதீங்க.

மார்ச் 14

இதை உங்க அக்காகிட்ட குடு,

நீ பேசக் கூடாதுன்னுட்டே, அதனால எழுதறேன். நீ உள்ள ரூம்ல பொட்டி கட்டிக்கிட்டு இருக்கே. நான் சாப்பாட்டு மேஜையில உக்காந்திருக்கேன். அலமாரிக் கதவை இப்படி இழுக்கக் கூடாதுடா, கொஞ்சம் தூக்கி இழுக்கணும். அதைச் சொல்லக்கூட எழுத வேண்டியிருக்கு பாரு.

கிளிப் மாத்துன்னு எழுதினேன். ரெண்டு தடவை எழுதினேன். நிறுத்துன்னும் எழுதினேன். அதையும் அவ மடிச்சு வச்சிருக்காளா, இல்ல அந்த ஒரு வரியை மட்டும்தானா? சரி விடு. இதைச் சொல்ல உக்காரல.

அந்த ரெசிஸ்டர் ரேடியோ ரிப்பேர்காரன்கிட்ட கேட்டு வாங்கினது. அவ ஒவ்வொரு ஏத்தத்துலயும் என் தோளைப் பிடிச்சு உலுக்குவா, "நிறுத்துங்க, நிறுத்துங்க"ன்னு. நாலு பேரு பின்னாடி உக்காந்திருக்கறப்ப எனக்கு மானம் போகும். அதை வச்சப்புறம் ஏத்தத்துல அவ தூங்க ஆரம்பிச்சா. தலை சாஞ்சு என் தோள் மேல வரும். வண்டியோட சூடு எனக்குக் கையில தெரியும், நான் பாத்துக்குவேன், அவ தூங்கட்டும்னு விட்டுட்டேன். நல்லதுக்குத்தான் பண்ணேன்னு எழுதலாம்னு பாத்தேன். முதல் நாள் அவளைப் பாத்துச் சிரிச்சேனே, அதுக்கு இது ஒத்து வரல.

உன் கடிதத்துல பயத்தைப் பத்தி அவ சொன்னதைப் படிச்சேன். திரும்பத் திரும்பப் படிச்சேன். வாத்தியாரைக் கூப்பிட்டும் படிக்கச் சொன்னேன், நான் தப்பா படிச்சிருப்பேனோன்னு. அவரு படிச்சுட்டு தாளை மடிச்சு வச்சுட்டுக் கிளம்பிட்டாரு. காபிகூடக் கேக்கல.

பிப்ரவரியில கேட்டப்பவே எழுதியிருக்கலாம். எது எழுதினாலும் வர்றேன்னுதானே சொன்னா. எழுதத்தான் உக்காந்தேன். கிழிச்ச தாள் நாலுலயும் அதுதான் இருந்துச்சு. சிரிப்பா எழுதிப் பாத்தேன், வரல. சிரிப்பு இல்லாம எழுத எனக்குத் தெரியல.

மெஷினைத் தலையைப் பிடிச்சுத் தூக்காதே மடையா, அடியில பிடி. தனியா தூக்கப் போறியா? என்னைக் கூப்பிட மாட்டே. சரி தூக்கு, நாளைக்கு இடுப்பு பிடிச்சுக்கும், உன் கடைக் களிம்பு இருக்கவே இருக்கு.

அவளுக்கு ஒண்ணு மட்டும் எழுதணும், அதுக்குத்தான் இந்தத் தாள். நான் செத்த மாதிரி கிடந்தேனே, அன்னைக்குக் காலையில. அவ என்னை எப்பவும் "இங்க பாருங்க"ன்னுதான் கூப்பிடுவா. அன்னைக்குப் பேர் சொல்லிக் கூப்பிட்டா. கட்டினதுல இருந்து ஒரு தடவைகூட அவ வாயில என் பேர் வந்ததில்ல. எனக்கு நல்லாக் கேட்டுச்சு. அப்பவே கண்ணைத் திறந்திருக்கணும். ஏன் திறக்கலேன்னா

இருடா, வாசப்படி. பாத்து, அவ விழுந்தது அந்த மூணாவது படிதான். பையை வச்சுட்டு வா, இன்னும் ரெண்டு வரிதான் இருக்கு, கையோட கொண்டு போயிடு. டேய் டானிக்கு. மச்சான். ஆட்டோக்காரன் நிக்கட்டும்டா, அவனுக்கு என்ன. கதவைக்கூடச் சாத்தாம போறே, தாள் எல்லாம் பறக்குது. ஏன் திறக்கலேன்னா, இன்னொரு தடவை